கொடைக்கு வழி கண்ட கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்

பள்ளி அடையாள அட்டையில் மாணவரின் பெயர், வகுப்பு, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு குருதி வகை என்று ஒரு வரியும் அச்சிடப்பட்டிருக்கும். ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கனுள் ஒன்று அங்கே காணப்படும். அதனருகே பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்னும் குறியும் இருக்கும். வீடு மாறலாம், ஊர் மாறலாம், சேலத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பெங்களூருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் குழந்தை பேசும் மொழிகளின் எண்ணிக்கையும் கூடலாம். அந்த ஓரிரண்டு எழுத்துகள் மட்டும் மாறுவதில்லை. குருதியில் இத்தகைய வகைகள் உண்டு என்பதை முதன்முதலில் கண்டறிந்து எழுதி வைத்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்னும் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர். குருதிக்கொடை என்று இன்று நாம் போற்றும் அறம், அவருக்கு முன் பெரும்பாலும் சூதாட்டமாகவே இருந்தது.

கொடையும் கொடைமடமும்

தமிழ்க் குழந்தைகள் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த கொடைக் கதைகள் பல. புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து தந்தான் சிபி மன்னன். சோழ வேந்தர் தம்மை அவன் வழிவந்தவர் என்று சொல்லிப் பெருமை கொண்டனர். உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்தான் கர்ணன். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் பாரி. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். பெறுபவருக்கு அப்பொருள் பயன்படுமா என்று ஆராயாமல் வழங்கும் இக்குணத்தைக் கொடைமடம் என்று பெயரிட்டுச் சான்றோர் பாராட்டினர். மயில் அப்போர்வையைப் போர்த்திக்கொண்டதா என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. போர்வையால் மயிலுக்குத் தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

குருதி அத்தகைய பொருளன்று. ஆராயாமல் கொடுத்தால் அது பெற்றவரைக் கொன்றுவிடும்.

குருதி உடல் முழுவதும் சுற்றி வருகின்றது என்பதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628 இல் விளக்கினார். அதன்பின், குருதி குறைந்தவருக்கு வேறொருவர் குருதியை ஏற்றினால் என்ன என்னும் எண்ணம் மருத்துவரிடையே தோன்றியது. 1667 இல் பாரிசு நகரில் டெனி என்னும் மருத்துவர், காய்ச்சலால் மெலிந்த சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் குருதியைச் சிறிதளவு ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். ஆனால் பின்னர் அவரிடம் இத்தகைய சிகிச்சை பெற்ற மற்றொருவர் இறந்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. பிரான்சு நாட்டில் குருதி ஏற்றுவதே தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை எனலாம். 1818 முதல் இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்னும் மருத்துவர், மனிதருக்கு மனிதர் குருதியே ஏற்றது என்று முடிவு செய்து, மகப்பேற்றின்போது குருதி இழந்து சாகும் நிலையிலிருந்த தாய்மாருக்கு அதை ஏற்றினார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் பிழைத்தனர், ஏன் மாண்டனர் என்பது அவருக்கும் விளங்கவில்லை. 1870களில் அமெரிக்க மருத்துவர் சிலர் குருதிக்கு மாற்றாகப் பசும்பாலை நரம்பில் ஏற்றியும் பார்த்தனர் என்றால், அக்காலத்தார் எவ்வளவு திகைப்பில் இருந்தனர் என்பதை உணரலாம்.

இளமையும் கல்வியும்

கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1868 ஆம் ஆண்டு சூன் 14 ஆம் நாள், வியன்னா நகரை அடுத்த பாடன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லியோபோல்டு புகழ்பெற்ற இதழாளர். கார்லுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமானார். அதன்பின் தாயார் ஃபானியே மகனை வளர்த்து ஆளாக்கினார். தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த பற்று மிக ஆழமானது. பிற்காலத்தில் தாயார் மறைந்தபோது அவர் முகத்தை வார்ப்பாக எடுத்து, தம் வாழ்நாள் முழுவதும் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் கார்ல்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1891 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, உண்ணும் உணவு குருதியின் சேர்க்கையை எவ்வாறு மாற்றுகின்றது என்பது குறித்துக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மருத்துவப் பட்டம் பெற்றவர் மருத்துவம் பார்க்கச் செல்வதே வழக்கம். அவரோ அப்படிச் செய்யவில்லை. உடலுக்குள் நிகழ்வனவற்றை அறிய வேண்டுமெனில் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதினார். செர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அக்காலத்தில் சிறந்து விளங்கிய வேதியியல் அறிஞர்களிடம் சென்று மீண்டும் மாணவராக அமர்ந்தார். பட்டம் கையில் இருக்கும்போதே மறுபடி பாடம் கேட்கச் செல்லும் பணிவு எளிதில் வருவதன்று.

1896 இல் வியன்னா திரும்பிச் சுகாதார நிலையமொன்றில் உதவியாளரானார். 1898 முதல் பத்தாண்டுகள் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றினார். இறந்தோர் உடலை ஆய்ந்து, இறப்பின் காரணத்தைக் கண்டு எழுதுவது அங்கு அவருடைய அன்றாடப் பணி. அந்தப் பத்தாண்டுகளில் அவர் ஆய்ந்த உடல்கள் 3,639. பகலெல்லாம் இப்பணி, எஞ்சிய நேரமே தமக்குப் பிடித்த ஆய்வுக்கு. உயரமான உருவம், தடித்த மீசை, குறைவான பேச்சு, கூட்டம் கண்டால் ஒதுங்கும் கூச்சம் ஆகியவை அவர் இயல்புகள். பியானோ வாசிப்பதில் மட்டும் அவருக்குத் தேர்ச்சி மிகுதி.

ஓர் அடிக்குறிப்பு

1900 ஆம் ஆண்டு. பெங்களூர் நகரம் கொடிய கொள்ளைநோயின் தாக்குதலிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்த காலம் அது. நகரச் சந்தைக்கு அருகே, 1897 இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா மருத்துவமனை அவ்வாண்டின் இறுதியில்தான் திறந்து வைக்கப்பட்டது. இன்று கிருஷ்ணராஜ சந்தைப் பக்கம் செல்லும் மாணவர்கள் அக்கட்டடத்தைக் காணலாம். அம்மருத்துவமனையாயினும் சரி, இலண்டன், பாரிசு மருத்துவமனைகளாயினும் சரி, குருதியிழந்து வரும் நோயாளிக்கு அன்று செய்யக்கூடியது மிகக் குறைவே.

அதே ஆண்டில் வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் பொருள் வேறு. ஆனால் அக்கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், உடல்நலம் உள்ள ஒருவரின் குருதி நீரோடு உடல்நலம் உள்ள மற்றொருவரின் செவ்வணுக்களைக் கலந்தால் சில வேளைகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன என்று குறிப்பிட்டிருந்தார். பாடநூலில் அடிக்குறிப்பைக் கண்டால் தாண்டிச் செல்லும் பழக்கம் மாணவர் பலருக்கும் உண்டு. மருத்துவ உலகமும் அன்று அதையே செய்தது. இவ்வாறு கட்டியாவது நோயின் விளைவு என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். நோயில்லாதவர் குருதியிலும் அது நிகழ்கின்றது என்றால் காரணம் நோயன்று. பிறப்போடு வந்த ஏதோ ஒரு வேறுபாடு.

அதைச் சோதிக்க அவருக்கு மனிதக் குருதி வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது? முதலில் தம் கையையே நீட்டினார். பின்னர் ஆய்வகத் தோழர் ஐவர் தத்தம் குருதியைக் கொடுத்தனர். ஆக, அறுவர். வரலாற்றில் இவர்களைக் குருதிக்கொடையாளர் என்று எவரும் குறிப்பதில்லை. அவர்கள் தந்தது சில துளிகளே; அதைப் பெற்ற நோயாளி என்று எவரும் இல்லை. ஆயினும் பின்னாளில் நிகழ்ந்த குருதிக்கொடை அனைத்தும் அந்தச் சில துளிகளுக்குக் கடன்பட்டவை.

ஒவ்வொருவர் குருதியையும் தனித்தனியே அசையாமல் வைத்துச் செவ்வணுக்களையும், அவற்றின் மேல் தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நிற நீரையும் பிரித்தார். பிறகு ஒருவரது நீரோடு அறுவரது அணுக்களையும் ஒவ்வொன்றாகக் கலந்தார். ஆறு ஆறாக முப்பத்தாறு கலவைகள். அவற்றைக் கட்டமிட்ட அட்டவணையில் குறித்தார். கட்டியானால் கூட்டல் குறி; ஆகாவிட்டால் கழித்தல் குறி. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அட்டவணை நிறைந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. எவருடைய நீரும் அவருடைய சொந்த அணுக்களைக் கட்டியாக்கவில்லை. சிலருடைய நீர் வேறு சிலருடைய அணுக்களை மட்டும், மோர் பட்ட பாலைப் போலத் திரியச் செய்தது. இவ்வொழுங்கைக் கொண்டு அவர் குருதியை மூன்று வகையாகப் பிரித்து ஏ, பி, சி என்று பெயரிட்டார். சி என்பதே பின்னர் ஓ என்று வழங்கலாயிற்று. லாண்ட்ஸ்டெய்னரின் சொந்தக் குருதியும் அந்த மூன்றாம் வகையே. 1901 இல் இம்முடிவுகள் கட்டுரையாக வெளிவந்தன. மறு ஆண்டில் டெக்காஸ்டெல்லோ, ஸ்டர்லி என்னும் இருவர் அரிதான நான்காம் வகையாகிய ஏபியைக் கண்டனர். இவருள் ஸ்டர்லி, முன்னர்க் குருதி தந்த அறுவருள் ஒருவர்.

இதன் விளக்கம் கடினமானதன்று. செவ்வணுவின் மேற்பரப்பில் ஏ என்னும் குறியோ பி என்னும் குறியோ இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். தன்னிடம் இல்லாத குறியைத் தாங்கி வரும் அணுவை எதிர்க்கும் பொருள் குருதி நீரில் உண்டு. ஏ வகையினர் உடலில் பி வகைக் குருதியை ஏற்றினால், அந்த எதிர்ப்பொருள் புதிதாக வந்த அணுக்களை ஒட்டவைத்து உடைத்துவிடும். சிறுநீரகம் பழுதாகும், உயிர் போகும். பிளண்டலின் நோயாளிகளுள் சிலர் பிழைத்ததும் சிலர் மாண்டதும் இதனால்தான். தம் கண்டுபிடிப்பு இப்புதிரை விளக்கக்கூடும் என்று லாண்ட்ஸ்டெய்னர் அக்கட்டுரையின் முடிவில் அமைதியாக ஒரு வரி எழுதினார். அதற்கு மேல் முழங்கவில்லை.

பயன்பாட்டுக்கு வந்த கதை

உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1907 இல், நியூயார்க் நகரில் ரூபன் ஆட்டன்பர்க் என்னும் இளம் மருத்துவர், குருதி ஏற்றும் முன் கொடுப்பவர் குருதியையும் பெறுபவர் குருதியையும் கலந்து பார்க்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். ஆயினும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டில் அதே நகரில், பிறந்து சில நாள்களே ஆன குழந்தை ஒன்று குருதிப்போக்கால் இறக்கும் நிலையில் இருந்தது. அதன் தந்தையும் ஒரு மருத்துவரே. அலெக்சிஸ் காரல் என்னும் அறுவை மருத்துவர் நள்ளிரவில் வரவழைக்கப்பட்டார். அவர் தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் உள்ள சிரையோடு நேரே வைத்துத் தைத்தார். வெளிறிக் கிடந்த குழந்தையின் உடல் சிவந்தது, அழுகுரல் எழுந்தது. தந்தையின் குருதி பொருந்தியது நற்பேறு. பொருந்தாதிருந்தால், மகளைக் காக்கக் கை நீட்டிய தந்தையின் அன்பே அவளுக்கு நஞ்சாகியிருக்கும்.

இவ்வாறு ஒருவர் உடலை மற்றொருவர் உடலோடு தைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், உடலைவிட்டு வெளியே வந்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடுவதே. 1914 இல் சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சிறிதளவு சேர்த்தால் குருதி உறையாது என்பது தெரியவந்தது. குருதியைக் குப்பியில் எடுத்து வைக்கவும் ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குக் கொண்டு செல்லவும் இதனால் வழி பிறந்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் போர்க்களத்தின் அருகே குருதியைச் சேமித்து வைத்துக் காயமுற்ற வீரர்க்கு ஏற்றினர்.

அறிவும் கருவியும் வந்துவிட்டன. கொடுப்பவர் வேண்டுமே! 1921 இல் இலண்டனில் ஒரு மருத்துவமனையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கிளை ஒன்றுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. உடனே குருதி தர ஒருவர் தேவை என்றனர். அக்கிளையின் செயலர் பெர்சி ஆலிவர் தோழர் சிலரோடு விரைந்தார். அவர்களுள் ஒரு செவிலியின் குருதி பொருந்தியது. திரும்பி வந்த ஆலிவர் அதை மறக்கவில்லை. குருதி தர விரும்புவோரின் பெயர், முகவரி, குருதி வகை ஆகியவற்றை அட்டைகளில் எழுதித் தம் வீட்டிலேயே அடுக்கி வைத்தார். எந்நேரமும் அவர் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும்; அவரோ அவர் மனைவியோ எடுத்து, பொருத்தமான ஒருவரை அனுப்புவர். கொடுத்தவர்க்குப் பணம் இல்லை. நோயாளி செல்வரா ஏழையா என்னும் கேள்வியும் இல்லை. உலகில் தன்னார்வக் குருதிக்கொடை அமைப்பாக வளர்ந்தது இப்படித்தான். வியன்னாவில் ஓர் அட்டவணையில் தொடங்கிய எழுத்துகள் இலண்டனில் ஒரு வீட்டு அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின.

வறுமையும் பெருமையும்

இக்காலத்தில் லாண்ட்ஸ்டெய்னர் வேறு ஆய்வுகளில் ஆழ்ந்திருந்தார். இளம்பிள்ளைவாதத்தால் இறந்த ஒரு குழந்தையின் தண்டுவடத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு, அந்நோயைக் குரங்குகளுக்கு வரச்செய்து காட்டினார். அது நச்சுயிரியால் பரவும் நோய் என்பதை 1909 இல் எர்வின் பாப்பர் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். போலியோவை எதிர்த்த நீண்ட போரின் முதற்படி அது. இந்தியாவில் போலியோ ஒழிந்தது என 2014 இல் அறிவிக்கப்பட்டபோது இவரை நினைத்தவர் சிலரே.

1916 இல் எலேன் என்னும் பெண்மணியை மணந்தார். மறு ஆண்டில் மகன் பிறந்தான். போரில் ஆஸ்திரியா தோற்றது. வியன்னாவில் உண்ண உணவும் குளிர்காய விறகும் அரிதாயின. ஆய்வு நடத்தப் பொருளில்லை. 1919 இல் குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த அறிஞர், மொழி தெரியாத ஊரில், சிறு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில், நோயாளிகளின் குருதியையும் சிறுநீரையும் சோதிக்கும் எளிய பணியில் அமர்ந்தார். அங்கும் ஆய்வை விடவில்லை. 1923 இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனம் அழைக்க, மீண்டும் ஊர் பெயர்ந்தார். பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் துன்பம் அவருக்குப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் இரைச்சலும் பரபரப்பும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆய்வகமே அவருக்கு ஊராயிற்று.

1930 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கண்டுபிடித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து வந்த பரிசு அது. அவ்வாண்டு திசம்பர் 10 ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற விழாவில், இயற்பியலுக்கான பரிசைப் பெற்றவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர் சர் சி. வி. இராமன். அவர் அதன்பின் 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக வந்தார். 1948 இல் தம் பெயரிலேயே ஆய்வு நிறுவனம் ஒன்றை இந்நகரில் நிறுவினார். 1970 இல் இங்கேயே மறைந்தார். ஒளியின் சிதறலைக் கண்டவரும் குருதியின் வேறுபாட்டைக் கண்டவரும் ஒரே மேடையில் ஒரே மன்னர் கையால் பரிசு பெற்றனர் என்பது பெங்களூர்த் தமிழ் மாணவர் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

பரிசு பெற்றபின் ஓய்வு கொள்ளலாம். அவரோ எழுபத்திரண்டாம் வயதில் மற்றொரு பெரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். வகை பொருந்தியும் சிலருக்குக் குருதி ஒவ்வாமற் போவதன் காரணத்தை அலெக்சாண்டர் வீனர் என்பவரோடு சேர்ந்து ஆய்ந்து, 1940 இல் ஆர்எச் என்னும் காரணியை வெளியிட்டார். ரீசஸ் வகைக் குரங்குகளைக் கொண்டு ஆய்ந்ததால் அப்பெயர் வந்தது. அடையாள அட்டையில் வகையின் அருகே உள்ள பாசிட்டிவ், நெகட்டிவ் என்பவை இதையே குறிக்கின்றன. நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே உள்ளனர்.

அவர் வாழ்ந்த நாட்டிலேயே அவருடைய அறிவியலுக்கு மாறான செயலும் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பின மக்களின் குருதியை ஏற்க மறுத்தது. பின்னர் ஏற்றாலும் அதைத் தனியே பிரித்து வைத்தது. சோதனைக்குழாயில் கறுப்பர் குருதியும் வெள்ளையர் குருதியும் ஒன்றே என்பதை அறிந்த பின்னும் இக்கொடுமை 1950 வரை நீடித்தது. குருதியைப் பாதுகாக்கும் முறைகளை வகுத்த சார்லஸ் டுரூ என்னும் பெரிய மருத்துவரே கறுப்பினத்தவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1943 ஆம் ஆண்டு சூன் 24 ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து பத்தே நாள்களில், ஆய்வகத்தில் பணி செய்துகொண்டிருந்தபோது லாண்ட்ஸ்டெய்னருக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவர் கையில் இருந்தது துளி அளக்கும் கண்ணாடிக் குழாய். இரண்டு நாள்கள் கழித்து அவர் உயிர் பிரிந்தது. கோடைக்காலத்தில் அவர் தங்கும் நான்டக்கெட் தீவில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நம் நாட்டில்

அவர் பிறந்த சூன் 14 ஆம் நாளை 2004 முதல் உலகக் குருதிக்கொடையாளர் நாளாக நாடுகள் கொண்டாடுகின்றன. இந்தியாவில் அக்டோபர் முதல் நாளும் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகக் கொள்ளப்படுகிறது. இந்நாட்டின் வரலாற்றில் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. பசிக்காகக் குருதியை விற்றவர் இங்கு நெடுங்காலம் இருந்தனர். உடல் தேறுவதற்குள் மீண்டும் மீண்டும் விற்றதால் அவர்கள் நலிந்தனர். அக்குருதியால் நோயும் பரவியது. உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, 1998 சனவரி முதல் நாளிலிருந்து குருதி விற்பனை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. கொடையே இப்போது ஒரே வழி. எந்தத் தொழிற்சாலையிலும் குருதியைச் செய்ய இயலாது.

பதினெட்டு வயது நிறைந்து, நாற்பத்தைந்து கிலோ எடைக்குக் குறையாமல், உடல்நலத்தோடு இருப்பவர் குருதி தரலாம். உடலில் உள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டரில் 350 மில்லி லிட்டர் அளவே பொதுவாக எடுக்கப்படுகிறது. ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் பெண்டிர் நான்கு மாதத்திற்கு ஒரு முறையும் தரலாம். சிபியைப் போல் தசையை அரிய வேண்டியதில்லை. கர்ணனைப் போல் உயிர்க்காப்பை இழக்க வேண்டியதும் இல்லை. கொடுத்தவர் ஒரு குவளை பழச்சாறு அருந்திவிட்டு வீட்டிற்கு நடந்தே செல்கிறார். எடுத்த குருதியைச் செவ்வணு, தட்டணு, நீர் எனப் பிரித்து மூவர்க்கும் வழங்க முடிகிறது. தட்டணுக்கள் ஐந்து நாள்கள் மட்டுமே தாங்கும். மழைக்காலத்தில் பெங்களூரில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது குருதி வங்கிகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நகரின் பெரிய மருத்துவமனைகளுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற தமிழகப் பகுதிகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். உறவினர் எவரும் அருகில் இல்லாத ஊரில் அவர்களுக்குக் குருதி தருபவர் முகமறியாத ஒருவரே. குருதிப் பையின் மேல் ஒட்டிய தாளில் வகை, எண், எடுத்த தேதி, கெடும் தேதி ஆகியவை இருக்கும். கொடுத்தவர் பெயர் அதில் இராது. அவர் வீட்டில் பேசுவது கன்னடமா, தமிழா, உருதுவா என்பதும் இராது.

லாண்ட்ஸ்டெய்னர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1952 இல், பம்பாய் நகரில் மருத்துவர் ஒய். எம். பேண்டே குழுவினர் புதிய வகைக் குருதி ஒன்றைக் கண்டனர். ஏ, பி, ஏபி, ஓ ஆகிய எந்த வகையும் அக்குருதியினர்க்குப் பொருந்தாது. தம்மைப் போன்ற மற்றொருவர் தந்தாலன்றி அவர்க்குக் குருதி இல்லை. பம்பாய் வகை என்று பெயர் பெற்ற அது பத்தாயிரம் பேரில் ஒருவர்க்கு இருக்கும் அளவு அரிது. அத்தகையோரின் பட்டியலைத் தொகுத்துப் பேணும் தன்னார்வலர்கள் பெங்களூரில் உள்ளனர். வேறு மாநிலத்தில் ஒரு நோயாளிக்குத் தேவை ஏற்பட்டால் இங்குள்ள ஒருவரிடமிருந்து எடுத்த குருதி, பனிக்கட்டி இட்ட பெட்டியில் விமானம் ஏறிச் செல்கிறது.